அழைத்தலும் மாதா ஜெபமும்: நம் ஊர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். கோடை விடுமுறையில் அழைத்தல் முகாமுக்கு, அதாவது குருவாகவோ கன்னியராகவோ போக விரும்புகிறவர்களுக்கான முகாமுக்கு, பிள்ளைகளைக் கூட்டிப் போவதும், பிறகு அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மா அப்பாவிடம் பேசுவதும் அந்தப் பணியோடு சேர்ந்துகொண்டன. குமரி மாவட்டத்தில் கடற்கரைப் பங்குக்குப் போனாலும், மேற்கே ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பங்குக்குப் போனாலும் சந்தேகங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதியிருக்கிறேன். திருச்சபைச் சட்டம் பேசும் இடங்களில் சட்டத்தைச் சொல்கிறேன். மற்றவை என் கருத்து.

"அழைத்தல்னா என்ன? மாதா கனவுல வந்து சொன்னாத்தான் அழைத்தலா?"

கனவு வேண்டியதில்லை. ஒரு விருப்பம் வந்து, மாதக்கணக்கில் விட்டுப்போகாமல் நிற்க வேண்டும். நோக்கம் நேர்மையாக இருக்க வேண்டும். உடலும் மனமும் அந்த வாழ்வைத் தாங்க வேண்டும். கடைசியாக ஆயரோ துறவற சபைத் தலைவரோ "வா" என்று சொல்ல வேண்டும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் அழைத்தல்.

இதில் கடைசிப் பகுதியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. "எனக்குள்ள உறுதியாத் தெரியுது" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். உங்களுக்குள் தெரிவது தொடக்கம். அதைத் திருச்சபை சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனைக் காலம் முழுவதும் தளராமல் நிற்கத்தான் ஜெபம் வேண்டியிருக்கிறது.

"இதுக்கு ஏன் மாதாகிட்ட போகணும்? நேரா இயேசுகிட்டயே கேக்கலாம்லா?"

சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) சொந்தக்காரர்கள் இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நல்ல கேள்வி. நேராகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். மாதாவிடம் போகிறவரும் இயேசுவிடம்தான் போய்ச் சேருகிறார். கானாவூர்க் கல்யாண வீட்டில் மாதா பணியாளர்களிடம் சொன்னது, "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்பது. யோவான் நற்செய்தியில் அவர் பேசும் கடைசி வாக்கியம் அதுதான். மாதாவின் பங்கு கிறிஸ்துவின் இடத்தை எவ்விதத்திலும் குறைக்காது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு காரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. லூக்கா முதல் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஒரு சின்ன ஊரில், கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணுக்கு அழைப்பு வருகிறது. கலங்குகிறார். "இது எப்படி நிகழும்?" என்று கேட்கிறார். பதில் முழுதாக விளங்கிவிட்டது என்று எங்கும் எழுதவில்லை. ஆனாலும் "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்கிறார். கலக்கம், கேள்வி, சம்மதம் என்ற மூன்றையும் கடந்து வந்த ஒருவரிடம் உங்கள் கலக்கத்தைக் கொண்டுபோவதில் என்ன குறை?

"எந்த ஜெபம் சொல்லணும்? 9 நாள் நவநாளா, 54 நாள் ஜெபமாலையா?"

உங்களால் நாளும் விடாமல் சொல்ல முடிகிற ஜெபம் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். 54 நாள் ஜெபமாலை என்பது 27 நாள் மன்றாட்டு, 27 நாள் நன்றி. இரண்டாவது 27 நாளில், கேட்டது கிடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நன்றி சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கு நல்ல பயிற்சி. ஆனால் பிளஸ் டூ பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு, ஜெபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரே ஒரு பகுதியை நிதானமாகச் சொல்லிப் படு என்றுதான் சொல்வேன். அதிலும் மகிழ்ச்சி மறையுண்மையின் (ஜெபமாலையில் தியானிக்கும் நிகழ்வுகளின்) முதல் காரியத்தை, கபிரியேல் தூதர் மங்கள வார்த்தை சொன்னதை, எடுத்துக்கொள். வியாழக்கிழமை என்றால் ஒளியின் மறையுண்மையில் கானாவூர்க் காரியம். திருத்தந்தை 2ஆம் ஜான் பால் 2002இல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தது அழைத்தலுக்காக ஜெபிக்கிறவர்களுக்குப் பெரிய உதவி.

தனியாகச் சொல்வதோடு அன்பியத்திலும், அதாவது பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கும் குழுவிலும், உட்காருங்கள். அக்டோபர் மாதம் எந்த வீட்டில் ஜெபமாலை நடந்தாலும் காட்சி ஒன்றுதான். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து மாதா சுரூபம், பக்கத்தில் செம்பருத்தி, தரையில் கோரம்பாய். வெளியே மழை கொட்டும். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்க உட்கார்ந்து முந்திரி உடைத்து வந்த அக்காமார், கறை போகாத விரல்களில் மணியை உருட்டுவார்கள். மன்றாட்டு மாலைக்கு வரும்போது சின்னப் பிள்ளைகள் பாயிலேயே தூங்கியிருக்கும். அங்கே "நம்ம பங்கில இருந்து தேவ அழைத்தல் பெருக" என்று ஒரு கருத்து கட்டாயம் வைப்பார்கள். அந்தக் கருத்து உங்களைக் குறித்ததாகவும் இருக்கலாம் என்று நினைத்து, நீங்களும் "வேண்டிக்கொள்ளும்" சொல்லுங்கள்.

"நவநாள்ல ஒரு நாள் விட்டுப்போச்சு. மொதல்ல இருந்து தொடங்கணுமா?"

வேண்டாம். மறுநாள் தொடருங்கள். நாள் எண்ணிக்கையில் எந்த மந்திரமும் இல்லை. மேல்மாடி அறையில் சீடர்கள் மாதாவோடு சேர்ந்து ஒரே மனதாய் ஜெபத்தில் நிலைத்திருந்த நாட்களை நினைத்துத்தான் நவநாளுக்கு 9 நாள்.

"ஜெபமாலை சொல்லும்போது மனசு எங்கெல்லாமோ போகுது. ஒண்ணும் உணரலை. எனக்கு அழைத்தல் இல்லைன்னு அர்த்தமா?"

இல்லை. மனம் அலைவது மனித இயல்பு. அலைந்ததைக் கண்டுகொண்டதும் அடுத்த "அருள் நிறைந்த மரியே"க்குத் திரும்புங்கள். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வருவதும் ஜெபம்தான்.

உணர்வு வராதது பற்றி: அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளே ஆறுதல் எதுவும் உணராமல் இருளில் நடந்தார். அவருடைய கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோதுதான் உலகத்துக்கு அது தெரிந்தது. அந்த ஆண்டுகளிலும் அவர் கையில் ஜெபமாலை இருந்தது, காலையில் திருப்பலி இருந்தது, தெருவில் கிடந்தவர்களைத் தூக்கும் வேலை இருந்தது. முகாமில் பாட்டும் கைதட்டலும் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வருகிற வெறுமையைப் பார்த்து, "அழைத்தல் போயிட்டு" என்று முடிவு கட்டுகிற பிள்ளைகள் நிறையப் பேர். முகாமின் சூடு ஆறியபிறகு மிச்சம் இருக்கிற விருப்பத்தைத்தான் நான் நம்புவேன்.

"மாதா கைவிட மாட்டாங்கன்னு நம்பித்தான் ஜெபிச்சேன். பிறகு ஏன் சபையில 'இப்ப வேண்டாம்'னு சொல்லிட்டாங்க?"

கண்ணீரோடு கேட்கப்படும் கேள்வி இது. "மிகவும் இரக்கமுள்ள தாயே" என்ற ஜெபத்தை நினைத்துப் பாருங்கள். மாதாவின் அடைக்கலம் தேடி வந்தவர்களில் "ஒருவராகிலும் உம்மால் கைவிடப்பட்டதாக ஒருபோதும் உலகில் சொல்லக் கேள்விப்பட்டதில்லை" என்கிறோம். கேட்டது கேட்ட தேதியில் கிடைத்தது என்று அதில் இல்லை. "இப்ப வேண்டாம்" என்று சொல்லப்பட்ட நாளிலும் மாதா கூட இருக்கிறார் என்று நம்புவதற்குத்தான் அந்த ஜெபம்.

குழந்தை தெரசாள் வாழ்க்கையைப் படியுங்கள். பிரான்சின் லிசியே கார்மேல் மடத்தில் சேரக் கேட்டபோது வயது 14. மடத்துப் பொறுப்புக் குரு 21 ஆகட்டும் என்றார். ஆயரிடம் போனார், முடிவு கிடைக்கவில்லை. 1887 நவம்பரில் அப்பாவோடு ரோமாபுரிக்குப் புறப்பட்டவர், வழியில் பாரிசில் வெற்றி அன்னை ஆலயத்தில் மாதாவிடம் தன்னை ஒப்படைத்தார். நவம்பர் 20இல் திருத்தந்தை 13ஆம் லியோவின் காலடியில் மண்டியிட்டு நேரிலேயே கேட்டார். "கடவுள் விரும்பினால் நுழைவாய்" என்ற அளவிலேயே பதில் வந்தது. அழுதுகொண்டுதான் வெளியே வந்தார். 1888 ஏப்ரல் 9இல் மடத்துக்குள் போனார். அந்த ஆண்டு மங்கள வார்த்தைத் திருநாள் தள்ளிவைத்துக் கொண்டாடப்பட்ட நாள் அது.

அவர் வெறுமனே காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கதவு அடைத்தால் அடுத்த கதவைத் தட்டினார், தட்டிக்கொண்டே ஜெபித்தார். ஆகவே "வேண்டாம்" என்றவரிடம் காரணம் கேளுங்கள். படிப்பா, உடல்நலமா, வயதா, மனப்பக்குவமா? திருத்தக்கூடியது என்றால் திருத்திக்கொண்டு அடுத்த ஆண்டு போங்கள். ஒரு சபைக்குப் பொருந்தாதவர் இன்னொன்றில் அழகாகப் பொருந்துவதும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஒருவரையொருவர் அறியாத பொறுப்பாளர்கள் ஒரே காரணத்தைச் சொன்னால் மட்டும் அதை ஜெபத்துக்கான பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

"மாதாகிட்ட அடையாளம் கேக்கலாமா? சீட்டு எழுதிப் போட்டுப் பாக்கலாமா?"

சீட்டு வேண்டாம். "போ", "போகாதே" என்று இரண்டு காகிதத்தில் எழுதி மாதா கெபி (சிறு குகைக் கோயில்) முன்னால் குலுக்கி எடுப்பதை நம் ஊரில் பக்தி என்றே நினைக்கிறார்கள். ஒரு வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கிற பொறுப்பைக் காகிதத்தின் மேல் போடுவது அது. "போகாதே" வந்தால் மறுபடி குலுக்குகிறோம் என்பதிலேயே தெரிகிறதே, நமக்கு என்ன வேண்டும் என்று!

மனதுக்குள் வெளிச்சம் கேளுங்கள். அதை எப்படித் தெரிந்துகொள்வது? ஜெபித்த பிறகு அந்த வாழ்வை நினைத்தால் பரபரப்பு வருகிறதா, அமைதி வருகிறதா என்று சில மாதங்கள் பார்த்து எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பை ஒரு ஆன்ம குருவிடமோ அனுபவமுள்ள சிஸ்டரிடமோ காட்டுங்கள். நடந்தவற்றை மாதா தம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்று லூக்கா சொல்வதும் இதுதான்.

"எங்க அம்மை சம்மதிக்கவே இல்லை. மாதா மேல பாரத்தப் போட்டுட்டு சொல்லாம போயிரலாமா?"

போகக் கூடாது. சட்டப்படி நவதுறவகத்தில் (துறவுக்கான முதற்பயிற்சியில்) சேர 17 வயது முடிந்திருக்க வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டுக்கு (துறவு வாக்குறுதிக்கு) 18, நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு 21. குருப்பட்டத்துக்கு 25. 18 ஆகாத பிள்ளையைப் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் நல்ல சபை எதுவும் எடுக்காது. 18 தாண்டியவருக்கு முடிவெடுக்கும் உரிமை உண்டு. ஆனாலும் சொல்லாமல் போனால் அந்தக் காயம் வீட்டில் ஆண்டுக்கணக்கில் ஆறாது.

அம்மையின் அழுகையை அழைத்தலுக்கு எதிரியாகப் பார்க்காதீர்கள். பன்னிரண்டு வயது மகனைக் கோயிலில் கண்டுபிடித்த மாதாவே "மகனே, ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டவர்தான். பெற்ற வயிற்றின் தவிப்பு அவருக்குத் தெரியும். அதனால் இந்த ஒரு காரியத்தில் மாதாவிடம் உங்களுக்காகக் கேட்பதைக் கொஞ்சம் நிறுத்தி, அம்மைக்காகக் கேளுங்கள். பங்குத்தந்தையை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அம்மையைக் கூட்டிக்கொண்டு அந்த மடத்துக்குப் போய் ஒரு நாள் இருங்கள். அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்க்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தாலே அம்மைமாரின் பாதி பயம் போய்விடுகிறது.

"பிள்ளை இல்லாம இருந்து, ஆண்பிள்ளை பிறந்தா சாமியாராக் கொடுத்துருவேன்னு அம்மை வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துட்டாங்க. அதுக்காக நான் போயே ஆகணுமா?"

வேண்டியதில்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நேர்ச்சையைச் சுமந்துகொண்டு வெளியே சொல்லாமல் தவிக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று திருச்சபைச் சட்டம் 1193 சொல்கிறது. அம்மா நேர்ந்தது மகனைக் கட்டாது. யாரையும் வற்புறுத்திக் குருப்பட்டம் பெற வைப்பதையும் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது.

அப்படியானால் அம்மாவின் நேர்ச்சை? பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லட்டும். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தகுந்த காரணத்துக்காக விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மாதா பழிவாங்குவார், வீட்டில் கெடுதி வரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அது மாதாவைப் பற்றிச் சொல்லப்படுகிற பொய். அதே சமயம் அம்மா கேட்டதால் அல்லாமல், உங்களுக்கே அந்த விருப்பம் இருந்தால் நேர்ச்சையைக் காரணம் காட்டி ஒதுங்கவும் வேண்டாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: அம்மா அப்படி நேர்ந்திருக்காவிட்டாலும் நான் போவேனா என்று கேட்டுப் பாருங்கள்.

"வீட்டுல கடன் இருக்கு. தங்கச்சிய கட்டிக் கொடுக்கணும். இப்ப போனா சுயநலம் இல்லையா?"

உங்கள் பெயரில் அடைக்க முடியாத கடன் இருந்தால் சபை உங்களைச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். படிப்புக் கடன், நகைக் கடன் எதையும் மறைக்காதீர்கள். அப்பா பெயரில் இருக்கும் கடன் உங்களைத் தடுக்காது. ஆனால் வீட்டில் சம்பாதிக்கிறது நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டுப் போவதில் குற்றமில்லை. அந்த ஆண்டுகளிலும் ஜெபமாலையை விட வேண்டாம், சபையோடு தொடர்பையும் விட வேண்டாம். எல்லாக் கடமையும் தீர்ந்த பிறகு என்று நாள் குறிக்காமல் தள்ளிப்போடுவது மட்டும் கூடாது. ஒரு தேதி வையுங்கள், அதை வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

"எந்தச் சபைக்குப் போறதுன்னு தெரியலை. எங்க மாவட்டத்துல மூணு வழிபாட்டு முறை வேற இருக்கே?"

மறைமாவட்டக் குருவாக வேண்டும் என்றால் முதலில் உங்கள் பங்குத்தந்தை. கோட்டாறும், 2014இல் அதிலிருந்து பிரிந்த குழித்துறையும் இலத்தீன் முறை. மார்த்தாண்டம் சீரோ மலங்கரா, தக்கலை சீரோ மலபார். நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற முறையில்தான் தொடங்க வேண்டும். தூத்தூர் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைக் கேட்க வேண்டும்.

கன்னியர் சபை என்றால் பெயரையும் சீருடை நிறத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர்கள் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். முளகுமூட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். 1897 நவம்பரில் பெல்ஜியத்து ஈப்பர் நகர மடத்திலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டர், ஒரே ஒரு நவதுறவியோடு உங்கள் ஊருக்குத்தான் வந்து இறங்கினார். ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இங்கிருந்த கார்மேல் சபைக் குரு கேட்டதால் வந்தார். புதுச் சபை தொடங்கும் எண்ணத்தோடு வரவில்லை. அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று பல நாடுகளில் பணிசெய்யும் மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புச் சகோதரிகள் சபை. எதிரே வந்த தேவைக்கு அவர் சரி என்றார். உங்கள் கண்ணுக்கு எந்தத் தேவை உறுத்துகிறதோ அதைச் செய்யும் சபையை முதலில் போய்ப் பாருங்கள்.

"போயிட்டு ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துட்டேன். ஊர்ல ஒரு மாதிரி பேசுறாங்க. மாதா என்னைக் கைவிட்டுட்டாங்களா?"

இல்லை. நவதுறவி எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்று சட்டமே சொல்கிறது. முதல் வார்த்தைப்பாட்டிலிருந்து நிரந்தர வார்த்தைப்பாட்டுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு இடைவெளி வைத்திருப்பதும் இதற்காகத்தான். நீங்கள் தேடினீர்கள், உங்களையும் சோதித்துப் பார்த்தார்கள், இது உங்கள் வழி இல்லை என்று தெரிந்தது. தேடலுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. "மடத்துல இருந்து ஓடி வந்தவ" என்று பேசுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தேடவே விடாதவர்கள். கல்யாண ஆலோசனை வரும்போது இதைக் குறையாகச் சொல்வதைக் கேட்கையில் எனக்கு மனம் கொதிக்கிறது. அப்படிப் பேசுவது பாவம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவம்.

நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் குருமடம் போகவில்லை. கல்யாணமானவர், அரண்மனை வேலைக்காரர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, சிறையும் சித்திரவதையும் தாங்கி, 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, இந்தியப் பொதுநிலையினரில் (குருவோ துறவியோ அல்லாதவர்களில்) முதல் புனிதர் நம் மண்ணிலிருந்து வந்தார். மடத்தில் கற்ற ஜெப ஒழுங்கு உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அடுத்த வழியைத் தேடுங்கள். மறைக்கல்வி வகுப்புக்கு வாருங்கள், எங்களுக்கு ஆள் தேவை.

"மக மடத்துக்குப் போயிட்டா. கடல்ல கிடக்கிற மகனுக்குன்னா என்ன ஜெபிக்கணும்னு தெரியும். இவளுக்கு என்னத்தச் சொல்லி ஜெபிக்க?"

ஒரு கடற்கரைத் தாய் கேட்டார். "அவ அங்கயே நிலைச்சு நிக்கணும்" என்று மட்டும் வேண்டாதீர்கள், அம்மா. அவள் உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டுங்கள். உண்மையாக இருந்தால், நிற்பதானாலும் வருவதானாலும் நல்லபடியாக நடக்கும். சனிக்கிழமை ஜெபமாலையை அவளுக்கென்று வையுங்கள். துயர மறையுண்மையில் சிலுவையடியில் நின்ற மாதாவிடம் உங்கள் பிரிவைச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுதுகொள்ளுங்கள்.

பிறகு, மடத்தில் அனுமதித்த நாளில் போன் வரும்போது "எப்ப வார்த்தைப்பாடு?" என்று முதலில் கேட்காதீர்கள். சாப்பிட்டியா, தூங்குனியா, யார்கூட சிரிச்சுப் பேசுன என்று கேளுங்கள். சொல்ல முடியாத வருத்தம் இருந்தால் அதற்குப் பிறகுதான் சொல்வாள். வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது என்பதை ஒரு தடவையாவது அவள் காதில் போட்டு வையுங்கள்.